புத்தகம் காணோமா? பதில் சொல்ல வேண்டியவர் நூலகர்!

"லைப்ரரி உத்தியோகமா? ஃபேன் காத்துல உட்கார்ந்து பேப்பர் படிக்கிற வேலைதானே!" - பலருக்கும் இப்படி ஒரு நினைப்பு. கிளை நூலகத்தில் அந்த மேஜைக்குப் பின்னால் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் சங்கதி!

கதவு திறக்கும் முன்பே வாசலில் நாலைந்து பெரியவர்கள் காத்து நிற்பார்கள். "சார், பேப்பர் வந்தாச்சா?" இதுதான் முதல் கேள்வி. பத்திரிகைகளில் முத்திரை குத்தி முடிப்பதற்குள், ஒரே பேப்பரை நாலு பேர் நாலு தாளாகப் பங்கு போட்டுக் கொள்வார்கள்! அடுத்து குரூப்-4 பரீட்சைக்குப் படிக்கும் பையன்களும் பெண்களும். சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள், நாவல் கேட்டு வரும் அம்மாக்கள்.

சின்னக் கிளைகளில் நூலகர் ஒருவரே எல்லாம். பூட்டைத் திறப்பது, புத்தகம் கொடுப்பது, வாங்குவது, அடுக்குவது, "கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்று சண்டையை அடக்குவது... அத்தனையும் அவர் தலையில்தான்.

ரகசியப் பக்கம்!

புதுப் புத்தகம் வந்ததும் நேராக அலமாரிக்குப் போய்விடாது. பதிவேட்டில் எண் ஏறும். தலைப்புப் பக்கத்தில் முத்திரை விழும். உள்ளே இன்னொரு பக்கத்திலும் முத்திரை குத்துவார்கள். அது எந்தப் பக்கம் என்பது நூலக ஊழியர்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பெயரே ரகசியப் பக்கம்! முன் பக்கத்தைக் கிழித்துவிட்டு பழைய புத்தகக் கடையில் தள்ளினாலும், இந்த முத்திரை ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனாலும் ஆசாமிகள் சும்மா இருப்பதில்லை. பரீட்சைக்கு வேண்டிய நாலு பக்கத்தை மட்டும் பிளேடால் அறுத்து எடுப்பவர் உண்டு. சட்டைக்குள் செருகிக்கொண்டு நழுவுபவர் உண்டு. இரவல் வாங்கிவிட்டு வீடு மாறிப் போனவருக்குக் கடிதம் போட்டால், அது திரும்பி வந்து சேரும்.

இருப்பு சரிபார்க்கும் நாளில் பதிவேட்டின் ஒவ்வொரு எண்ணுக்கும் புத்தகம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விளக்கம் கேட்பார்கள்.

கொடுப்பதா? காப்பதா?

இங்கேதான் சிக்கல். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, படிக்கத்தான் என்பதை நூலகத்தின் முதல் விதியாக 1931-ல் எழுதி வைத்தார். அவர் முயற்சியால் 1948-ல் சென்னை பொது நூலகச் சட்டமும் வந்தது.

அள்ளிக் கொடுத்தால் புத்தகம் குறையும். பூட்டி வைத்தால் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் நூலகம் செத்துப் போகும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்பவர் நூலகர்தான்!

மத்திய அரசு இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 2017-ம் ஆண்டு பொது நிதி விதிகளின்படி, ஓராண்டில் புழங்கும் ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து தொலைவதை நியாயமான இழப்பாக ஏற்கலாம். ஆனால் அதில் மோசடியோ அலட்சியமோ இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமோ, அரிய புத்தகமோ போனால் கட்டாயம் விசாரணைதான்.

உங்கள் காசு!

நூலகம் யாரோ போடும் தர்மம் அல்ல. தமிழ்நாட்டில் சொத்து வரி ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி வசூலாகிறது. வாடகைக்குக் குடியிருப்பவரும் வாடகையோடு சேர்த்து அதைக் கொடுத்துக் கொண்டுதான் இருக்கிறார். அறுபட்ட நாலு பக்கமும் நாம் கொடுத்த காசில் வாங்கியதே.

இன்று வீட்டுக்குப் போனதும் பரண், அலமாரி, பெட்டி எல்லாவற்றையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். நூலக முத்திரையோடு ஏதாவது கிடக்கிறதா? வெட்கப்படாமல் கொண்டுபோய்க் கொடுங்கள். "இத்தனை வருஷமா எங்கே வெச்சிருந்தீங்க?" என்று நூலகர் கேட்கத்தான் செய்வார். ஆனால் அந்த எண்ணுக்கு நேரே பதிவேட்டில் குறிப்பு போடும்போது, அவர் முகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்!