ஆறு பேரைக் காணோம்

2020 மார்ச் 16 அன்று, பிரான்சின் மார்செய் நகரில் மருத்துவர் திதியே ரவூலின் குழு கொரோனாவுக்கான ஒரு மருந்தைப் பற்றி ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியது. மாதக்கணக்கில் இழுக்கக்கூடிய மதிப்பாய்வு ஒரே நாளில் முடிந்து, 17ஆம் தேதியே கட்டுரை ஏற்கப்பட்டது. 20ஆம் தேதி இணையத்தில் வெளிவந்தது. கட்டுரையாளர்களில் ஒருவர் அந்த இதழின் தலைமை ஆசிரியர்! மறுநாள் அமெரிக்க அதிபர் டிரம்ப் அந்த மருந்தைப் புகழ்ந்து ட்வீட் போட்டார். ஹைட்ராக்ஸி குளோரோகுயின் என்ற பெயர் உலகம் முழுக்கப் பிரபலமாயிற்று.

கட்டுரை சொன்ன கணக்கு இது. மருந்து பெற்ற 20 பேரில் 14 பேருக்கு ஆறாம் நாள் மூக்குச் சளியில் வைரஸ் இல்லை. பெறாத 16 பேரில் இருவருக்குத்தான் அப்படி. கேட்பதற்கு அற்புதமாக இருக்கிறது. ஆனால், மருந்து கொடுக்கத் தொடங்கியது 26 பேருக்கு. மீதி ஆறு பேர் எங்கே? மூவர் ஐசியூவுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் மருத்துவமனையை விட்டே கிளம்பிவிட்டார். இன்னொருவர் குமட்டல் தாங்காமல் மருந்தை நிறுத்திவிட்டார். இந்த ஆறு பேரும் கணக்கில் சேரவில்லை. தேறாத மாணவர்களுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் பள்ளிக்கூடத்தை நாம் பார்த்ததில்லையா?

இதில் எதுவும் ரகசியமல்ல, கட்டுரையிலேயே இருக்கிறது. நிதானமாகப் படித்தவர்கள் உடனே கேள்வி எழுப்பினார்கள். அதற்குள் பல நாடுகளில் மாத்திரை பறந்துகொண்டிருந்தது. லூபஸுக்கும் முடக்குவாதத்துக்கும் காலங்காலமாக அதைச் சாப்பிட்டுவந்தவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2024 டிசம்பரில்!

எதிர்த்தரப்பிலும் அவசரம் விளையாடியது. அந்த மருந்தால் சாவு கூடுகிறது என்று 2020 மே 22 அன்று ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் எனப் பிரம்மாண்டமான தரவு. தந்தது சர்ஜிஸ்பியர் என்ற சின்னஞ்சிறு அமெரிக்க நிறுவனம். சில நாள்களிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்தை நிறுத்திவைத்தது. பிறகுதான், ஆஸ்திரேலியாவில் அதுவரை பதிவான கொரோனா மரணங்களைவிடக் கட்டுரையில் உள்ள ஆஸ்திரேலிய மரணங்கள் அதிகம் என்பதைக் கவனித்தார்கள். மூலத் தரவைக் கேட்டபோது நிறுவனம் கொடுக்கவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை வாபஸ். அந்த மருந்தை நம்பியவர்களுக்கோ, ‘பார்த்தீர்களா, திட்டமிட்டு அமுக்குகிறார்கள்’ என்று சொல்ல நல்ல வாய்ப்பு. எனக்கு இதுதான் பெரிய சேதமாகப் படுகிறது.

அப்படியானால் வேகமே ஆகாதா? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ரெக்கவரி’ பரிசோதனையும் அதே மார்ச்சில்தான் தொடங்கியது. திட்டம் எழுதிய பத்தே நாளுக்குள் முதல் நோயாளி சேர்ந்துவிட்டார். ஆனால், யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறையில் கணினி தீர்மானித்தது. ஒதுக்கப்பட்டவர் இறந்தாலும் விலகினாலும் அதே குழுவின் கணக்கில்தான் இருப்பார். ஹைட்ராக்ஸி குளோரோகுயின் பெற்ற 1,561 பேரில் 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் 27 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25 சதவீதம். மருந்தால் பயனில்லை.

அதே பரிசோதனைதான் டெக்ஸாமெத்தசோன் என்ற விலை மலிந்த ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் என்று கண்டுபிடித்தது. ஜூன் 16 அன்று செய்திக்குறிப்பாக மட்டும் அறிவித்தார்கள். பிரிட்டன் அன்றே அதைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது. சர்ஜிஸ்பியரில் சூடுபட்டு இரண்டு வாரம்கூட ஆகாத மருத்துவர்கள் பலர், நல்ல செய்திதான், தரவைக் காட்டுங்கள் என்றார்கள். ஆறே நாளில் முழு விவரமும் இணையத்துக்கு வந்தது.