மத்தியப் பிரதேசக் கோதுமைக்கு நீலகிரியில் காவல் ஏன்?

கோதுமைத் தண்டில் செங்கல் நிறக் கொப்புளங்கள். தடவினால் விரலில் துருப்பொடி ஒட்டும். அத்தனையும் தண்டுத் துரு நோய்ப் பூஞ்சையின் வித்துகள். தண்டின் தோல் கிழிந்து நீர் ஆவியாகும், மணி சுருங்கும், பயிர் ஒடிந்து சாயும்.

சமவெளிக் கோடையில் இந்தப் பூஞ்சை பிழைக்காது. பிறகு எப்படித் திரும்பி வருகிறது? நீலகிரி, பழனி மலைக் குளிரில் கோதுமைப் பயிரிலேயே தங்கியிருந்து, நவம்பர் வாக்கில் வங்கக்கடல் புயல்காற்றில் ஏறி, மத்திய இந்தியாவில் மழையோடு இறங்குகிறது. ஆக, மலையிலேயே அதை மடக்க வேண்டும். அங்கே துருவை எதிர்க்கும் ரகங்களையே விதைத்தால் வித்துகள் பெருக வழியில்லை. நீலகிரியின் வெலிங்டனில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையத்தின் வேலையே இதுதான்.

புரோபிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளித்தாலும் துரு கட்டுப்படும், செலவுதான் இடிக்கும். ரகத்திலும் ஒற்றை எதிர்ப்பு மரபணுவை நம்பக் கூடாது. உலகமே நம்பியிருந்த எஸ்ஆர்31 மரபணுவை, 1998இல் உகாண்டாவில் தென்பட்ட யுஜி99 என்ற துரு இனம் முறியடித்துவிட்டது. அதனால்தான் இப்போது ஒரே ரகத்தில் பல எதிர்ப்பு மரபணுக்களை அடுக்குகிறார்கள்.