வக்கீல் கையில் நம் பணம்

எங்கள் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு வந்திருப்பவர்களுக்குத் தெரியும். பணத்தையோ பொருளையோ பறிகொடுத்த பெண்கள் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி அம்மனிடம் முறையிடுவார்கள். அடுத்த தெரு அக்கா ஒருத்தர் அப்படி அரைத்துவிட்டு, எரிகிற கையோடு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மிணி, அவுரு லாரியில அடிபட்டதுக்குக் கோர்ட்டுல பணம் வந்து ஆறு மாசம் ஆச்சாமா. வக்கீல் எங்கிட்ட மூச்சே விடலியே!" என்று அழுதார். நீட்டிய தாளில் எல்லாம் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பாவம்.

"அம்மன்கிட்ட சொல்லியாச்சு. பார் கவுன்சிலுக்கும் சொல்லிடலாங்க்கா" என்றேன்.

கட்சிக்காரருக்காக வக்கீல் வாங்கும் பணம் வக்கீலுடையது அல்ல. அதற்குக் கணக்கு வைக்க வேண்டும். பணம் வந்ததும் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும். கேட்டால் கணக்கின் நகல் தரவேண்டும். அதைத் தன் கடனாக மாற்றிக்கொள்ளக் கூடாது. இதெல்லாம் இந்திய பார் கவுன்சிலின் விதிகள்.

உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி என்ற மாவட்டம். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஏழை முதியவரின் நிலத்துக்கு நஷ்டஈடாக வந்த 8,118 ரூபாயை, 1987-ல் அவருடைய வக்கீல் கோர்ட்டிலிருந்து எடுத்துக்கொண்டு மறைத்துவிட்டார். பார் கவுன்சில் மூன்று வருஷம் தொழில் செய்யத் தடை விதித்தது. வக்கீல் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போனார். அங்கே 2002-ல் தண்டனை கூடி, வக்கீல் பட்டியலிலிருந்து பெயரையே நீக்கிவிட்டார்கள்! தொகை சின்னது, துரோகம் பெரிது.

நம் புகார் போக வேண்டிய இடம் சென்னை ஐகோர்ட் வளாகத்தில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில். 1961-ம் வருஷத்து வக்கீல்கள் சட்டம் 35-ம் பிரிவின்படி கண்டிக்கலாம், தற்காலிகமாகத் தடை செய்யலாம், பெயரை நீக்கலாம். விசாரணை ஒரு வருஷத்தில் முடியாவிட்டால் வழக்கு இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். ஆனால் ஒன்று: தண்டனை வேறு, பணம் வேறு. பணத்தைத் திரும்பப் பெற சிவில் வழக்கோ, நம்பிக்கை மோசடி என்று போலீஸ் புகாரோ தனியாகத் தேவைப்படலாம்.

எல்லா வக்கீலும் அப்படியல்ல. ஆனாலும் சகோதரிகளே, வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். வழக்கு எண்ணைக் காலண்டரிலாவது குறித்து வையுங்கள்.

அக்காவுக்காக முதலில் கணக்குக் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பினோம். பாதிப் பணம் வந்தது. மீதிக்காக மனு சென்னைக்குப் போயிருக்கிறது. அதில் அக்கா போட்ட கையெழுத்து, முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு போட்டது.