சிறு துளை போதுமா?

மூடிய அட்டைப் பெட்டி ஒன்று. அதனுள் ஒரு கயிற்றில் முடிச்சு விழுந்திருக்கிறது. பெட்டியைத் திறக்காமல், பக்கத்தில் நாலைந்து துளைகள் போட்டு, குச்சிகளை நுழைத்து அந்த முடிச்சை வெட்டியெடுத்து, மீதிக் கயிற்றை இணைத்துத் தரும்படி உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? பெருங்குடலில் புற்றுநோய் கண்டவருக்கு அறுவை மருத்துவர்கள் இன்று செய்வது ஏறக்குறைய இந்த வேலைதான்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். தலைகீழாகக் கவிழ்த்த 'ப' போல் வயிற்றைச் சுற்றி அமைந்திருக்கிறது. கட்டியை மட்டும் கிள்ளியெடுத்தால் போதாது. இருபுறமும் கொஞ்சம் நல்ல குடலையும், அதற்கு இரத்தம் கொண்டுவரும் சவ்வையும், சவ்விலுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்ற வேண்டும். புற்றணுக்கள் முதலில் குடியேறுவது பெரும்பாலும் அக்கணுக்களில்தான். குறைந்தது 12 கணுக்களையாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. பழைய முறையில் இதற்காக வயிற்றை நீளமாகக் கீறித் திறப்பார்கள்.

திறக்காமல் உள்ளே பார்க்கும் யோசனை புதியதன்று. ஜெர்மானிய மருத்துவர் கியோர்க் கெல்லிங் 1901இலேயே ஒரு நாயின் வயிற்றைக் காற்றால் உப்பவைத்து, குழாய் வழியே உள்ளே பார்த்துக் காட்டினார். இன்று காற்றுக்குப் பதில் கரியமிலவாயுவைச் செலுத்துகிறார்கள். ஏன் தெரியுமா? உள்ளே இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடுவார்கள். அப்போது இவ்வாயு தீப்பிடிக்காது. இரத்தத்தில் எளிதில் கரைந்து, மூச்சோடு வெளியேறியும் விடும். அழுத்தம் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம்தான். வளிமண்டல அழுத்தத்தில் இது ஐம்பதில் ஒரு பங்கு. வயிற்றுச் சுவர் கூடாரம்போல் எழும்ப இதுவே போதும்.

இனி ஒரு சோதனை செய்து பாருங்கள். கெட்டி அட்டையில் துளையிட்டுப் பென்சிலைச் செருகி, மேல்முனையை வலப்பக்கம் சாயுங்கள். கீழ்முனை இடப்பக்கம் போகிறதல்லவா? துளை ஆதாரத் தானமாகிவிட்டது; பென்சில் நெம்புகோலாகிவிட்டது. லேப்பராஸ்கோப் முறையில் மருத்துவரின் கை ஒவ்வொரு கணமும் இந்தத் தலைகீழ்க் கணக்கைப் போட்டபடி இருக்க வேண்டும். கண்ணோ தட்டையான திரையில்! இதில் தேர்ச்சி பெறப் பல அறுவைகள் செய்து பழக வேண்டியிருப்பதில் வியப்பில்லை.

இம்முறையில் பெருங்குடலை அகற்றியதைப் பற்றி அமெரிக்காவின் மியாமியைச் சேர்ந்த மாய்சஸ் ஜேக்கப்ஸ் குழுவினர் 1991இல் எழுதினார்கள். வலி குறைவு, விரைவில் வீடு திரும்பலாம் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகுதான் அச்சம் பிறந்தது. சிலருக்கு, கருவிகள் நுழைந்த அந்தச் சிறு துளைத் தழும்புகளிலேயே புற்றுநோய் முளைத்தது! 1994இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு குறிப்பு, 14 பேரில் 3 பேருக்கு அப்படி நேர்ந்ததாகக் கூறியது. வாயுவின் ஓட்டம் புற்றணுக்களைச் சிதறடிக்கிறதா? கட்டியை வெளியே இழுக்கும்போது ஒட்டிக்கொள்கிறதா? தழும்பு சிறிதாக இருந்து என்ன பயன், நோய் திரும்பி வருமானால்?

ஊகத்தால் இதைத் தீர்க்க முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 48 மருத்துவ நிலையங்கள் சேர்ந்தன. 872 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் திறந்த அறுவையும், மற்றவர்களுக்குத் துளை அறுவையும் செய்தார்கள். முன்பே 20 துளை அறுவைகளாவது செய்து பழகிய மருத்துவர்களுக்கே இதில் இடம். பிறகு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2004இல் முடிவு வெளிவந்தது. மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியவர்கள் துளை முறையில் 16 சதவீதம், திறந்த முறையில் 18 சதவீதம். இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவே நேரக்கூடியது. காயத்தில் நோய் முளைத்தது இரண்டிலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அறுவை நேரம் 95 நிமிடத்திலிருந்து 150 ஆக நீண்டது. மருத்துவமனை வாசமோ 6 நாளிலிருந்து 5 ஆனது. ஒரே ஒரு நாள்தானா என்று கேட்பீர்கள். ஆம், ஆனால் வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. இப்போது குடல் துண்டைப் பையிலிட்டோ, காயத்துக்கு பிளாஸ்டிக் உறை போட்டோதான் வெளியே எடுக்கிறார்கள்.

அடுத்து வந்தது ரோபோ. 'டா வின்சி' என்னும் இயந்திரத்துக்கு அமெரிக்க அரசு 2000இல் அனுமதி அளித்தது. பெயரைக் கேட்டு அது தானே அறுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் விரல் அசைவையே அது பின்பற்றுகிறது. பென்சில் சோதனையில் கண்ட தலைகீழ்க் கணக்கைக் கணிப்பொறி நேராக்கிவிடும். கருவியின் நுனி மணிக்கட்டுப்போல் வளையும். காட்சி முப்பரிமாணத்தில் தெரியும். குறுகலான மூலையில் தையல் போட இது பெரிய வசதி. ஆனால் நோயாளிக்கு என்ன லாபம்? தென் கொரியாவில் 70 பேரிடம், வலப்பக்கப் பெருங்குடல் அறுவையில் இரு துளை முறைகளையும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டார்கள். எடுத்த கணுக்களும், பின்விளைவுகளும், தங்கிய நாள்களும் ஏறக்குறைய ஒன்றே. ரோபோவுக்கு நேரமும் பணமும்தான் கூடுதலாயின.

திறந்த அறுவை ஒழிந்துவிடவில்லை. கட்டி பக்கத்து உறுப்புகளில் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, குடல் ஓட்டையாகி அவசரமாக வந்தாலோ வயிற்றைத் திறப்பதே பெரும்பாலும் பத்திரம். அந்த 48 நிலைய ஆய்விலும் துளை முறையில் தொடங்கிய ஐவரில் ஒருவருக்கு நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. அதை மருத்துவர்கள் தோல்வி என்று சொல்வதில்லை. அந்த வாய்ப்பையும் முன்கூட்டியே நோயாளியிடம் விளக்கிச் சம்மதம் வாங்கிய பிறகே அறுவை அறைக்குள் அழைத்துச் செல்கிறார்கள்.