வேலியே பயிரை மேய்ந்தால்...

எபிரேய மொழியில் ‘பாஅர்’ என்றொரு வினைச்சொல் உண்டு. எரித்தல் என்பது அதன் ஒரு பொருள். ஆடுமாடுகளை விட்டு நிலத்தை மொட்டையாக மேயவிடுதல் என்பது மற்றொரு பொருள்.

விடுதலைப் பயணம் 22:5-இல் இச்சொல் சட்டமாக வருகிறது. பிறர் வயலில் தம் கால்நடையை மேயவிட்டவர், தம் வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் விளைந்தவற்றுள் சிறந்ததைக் கொடுத்து ஈடுசெய்ய வேண்டும். அடுத்த வசனம், மூட்டிய தீ பரவிப் பிறர் பயிரை அழிப்பதைப் பற்றியது. அங்கும் இதே வேர்ச்சொல்தான். மேய்ந்து அழிந்தாலும் எரிந்து அழிந்தாலும் உழவருக்கு இழப்பு ஒன்றே.

இறைவாக்கினர் எசாயா இச்சொல்லை மக்களின் மூப்பர்கள்மீதும் தலைவர்கள்மீதும் திருப்புகிறார் (3:14). திராட்சைத் தோட்டத்தை அழித்தவர்கள் அதைக் காக்க வேண்டிய அவர்களே. எளியோரிடம் பறித்தவை அவர்கள் வீடுகளில் இருக்கின்றன என்று ஆண்டவர் குற்றம் சாட்டுகிறார். வேலியே பயிரை மேய்ந்த கதை!

குடும்பத்திலும் பங்கிலும் அன்பியத்திலும் நம் பொறுப்பில் விடப்பட்டவை பல. பொதுப்பணத்தை, பொதுநிலத்தை, பிறர் உழைப்பை நாம் காக்கிறோமா, மேய்கிறோமா? மேய்ந்திருந்தால், மன்னிப்புக் கேட்பதோடு நின்றுவிடாமல், நம்மிடமுள்ள சிறந்ததைக் கொண்டு ஈடுசெய்வோம். நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்த சக்கேயு (லூக்கா 19:8) நமக்கு வழிகாட்டட்டும்.