புதினத்தில் அரசியலும் அதன் பகுப்பும்

பண்டைத் தமிழர் பாடுபொருளை அகம், புறம் என இரு கூறாக்கினர். காதல் அகமாயிற்று, அரசும் போரும் கொடையும் புறத்தின்பாற் பட்டன. இப் பாகுபாட்டின் நிழல் இன்றைய புதின ஆராய்ச்சியிலும் படிந்துள்ளது. 'அரசியற் புதினம்', 'சமூகப் புதினம்', 'வட்டாரப் புதினம்' என இலக்கிய வரலாறுகள் வகுத்துச் செல்கின்றன. இவ் வகுப்பு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஈண்டுக் காண்போம்.

அரசியல் இடம்பெறும் புதினங்களை மூவகையாகக் கொள்ளலாம். நாட்டு நிகழ்ச்சிகளைப் பின்புலமாகக் கொள்வன முதல் வகை. கல்கியின் 'அலை ஓசை' இதற்குத் தக்க சான்று. விடுதலை இயக்கமும் நாட்டுப் பிரிவினையும் அதன் மாந்தரின் இல்வாழ்வை அலைக்கழிக்கின்றன. 1956-இல் இந்நூல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது.

ஒரு கொள்கையின் வழிநின்று வாழ்வை நோக்குவன இரண்டாம் வகை. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) கைத்தறி நெசவாளரின் வறுமையை ஊழ்வினையாகக் காட்டாது, பொருளியல் அமைப்பின் விளைவாகக் காட்டுகிறது. துன்புறுவோர் ஒன்றுதிரள்வதே அதன் தீர்வு.

எனினும், பொருளை மட்டும் நோக்கி வகைப்படுத்துதல் எப்போதும் பொருந்துவதில்லை. 1968-இல் கீழ்வெண்மணியில் நிகழ்ந்த கொடுமையை அடிப்படையாகக் கொண்டது இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975). அந்நூல் நிலக்கிழாரின் கொடுமைக்கு அவர்தம் மனக்குறையையும் ஒரு காரணமாக்கியது. கூலிப் போராட்டத்தின் சிக்கலை இஃது உளவியலாகச் சுருக்கிவிட்டது என்று இடதுசாரித் திறனாய்வாளர் குறை கூறினர். பொருள் அரசியலாயினும், நோக்கு வேறாகலாம் என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாம் வகையில் கட்சியும் இல்லை, கொடியும் இல்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) பிலோமியின் நிறைவேறாக் காதலைச் சொல்லும் நூலென்றே பலரும் அறிவர். ஆயின், அதனுள் வல்லத்தார்க்கும் லாஞ்சுக்காரர்க்கும் மூண்ட பகை ஓடுகிறது. கடல் யாருக்கு உரியது என்னும் வினா அரசியல் அன்றெனின், வேறு எதுதான் அரசியல்? இந்நூல் வெளிவந்து ஆறாண்டுகள் கழித்து, 1983-இல், தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கரையை அடுத்த 3 கடல் மைல் எல்லைக்குள் விசைப்படகுகள் மீன்பிடித்தல் அதன்வழி விலக்கப்பட்டது. கட்டுமாவடி முதலிய பாக்கு நீரிணைக் கரையூர்களில் வாழ்வோர்க்கு இது நூலறிவு அன்று; நாள்தோறும் அடுப்பெரிதலைப் பற்றிய செய்தி.

இத்தகு நூலை 'வட்டாரப் புதினம்' என்று மட்டும் குறித்து அமைவோமாயின், மீனவர் தம் தொழிலுரிமையை அரசியலினின்றும் நாமே நீக்கியவராவோம். பெயரிடுதலில் நேரும் பிழை நூலோடு நிற்பதன்று. அந்நூல் பேசும் மக்களையும் சாரும்.

இதற்கு வழி நம் இலக்கணத்திலேயே உண்டு. தொல்காப்பியர் அகத்தையும் புறத்தையும் தொடர்பற்றனவாக விட்டாரல்லர். ஒவ்வொரு புறத்திணையையும் ஓர் அகத்திணையோடு இணைத்தார். நெய்தலுக்குப் புறனாக அவர் வைத்தது தும்பை. அஃதாவது நேர்நின்று பொரும் போர். கடற்கரையின் இரங்கலும் களத்தின் போரும் ஒரே நிலத்தின் இருமுகம் என்க. புதினங்களை வகைப்படுத்துவோர், கதையில் தலைவர்கள் வருகின்றனரா என்று வினவுதலினும், அக் காதலின் புறன் யாது என்று வினவுதலே சாலும்.