பெற்றோலும் மின்சாரமும் ஒரே சைக்கிளில்: கால் இழந்த ஒருவர் போட்ட கணக்கு

பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரக் கிராமம் ஒன்றில், முற்றத்து மாமரத்தின் கீழ் அந்தச் சைக்கிள் நின்றது. பழைய லுமாலா. நடுச்சட்டத்துக்குள் ஒரு சிறிய பெற்றோல் எஞ்சின். முன்சில்லின் நடுவே மின்மோட்டார். பின் கரியரில் பற்றரிப் பெட்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரியுங்கோ தங்கச்சி, எல்லாரும் முதல்ல சிரிக்கிறவைதான்" என்றார் சொந்தக்காரர்.

ஐம்பது வயதிருக்கும். 2009 இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். தண்ணீர்ப் பம்பிகள் திருத்துவது தொழில். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

வன்னியில் ஏற்றம் இல்லை, சைக்கிள் ஓடுவது சுகம் என்று யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவர்கள் நினைப்பதுண்டு. சோளகம் வீசும் மாதங்களில் ஒருமுறை எதிர்க்காற்றில் மிதித்துப் பார்த்தால் தெரியும். அவருக்கு அது இரட்டை வேலை. பொய்க்காலின் கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கி, உரசி, புண்ணாகிவிடும். புண் ஆறும்வரை பொய்க்கால் போட முடியாது. பொய்க்கால் போடாவிட்டால் வேலை இல்லை.

முதலில் பெற்றோல் எஞ்சினை மட்டும்தான் பூட்டினார். சைக்கிளுக்கென்றே வரும் இரண்டடி எஞ்சின் அது. வலப்பக்கம் பெடல் செயின் இருந்தபடியே இருக்கும். எஞ்சினுக்கு இடப்பக்கத்தால் தனிச் செயின். அதற்கான பல்சக்கரத்தைப் பின்சில்லின் கம்பிகளோடு இறப்பர் வைத்து இறுக்க வேண்டும். பெற்றோலோடு எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும், இருபத்தைந்துக்கு ஒன்று, அதாவது லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். அவர் கணக்கில் ஒரு லீற்றருக்கு நாற்பது கிலோமீற்றர் ஓடும்.

சிக்கல் ஸ்டார்ட் பண்ணுவதில் இருந்தது. இந்த எஞ்சினுக்கு உதைகாலும் இல்லை, இழுகயிறும் இல்லை. கிளச்சைப் பிடித்துக்கொண்டு நன்றாக மிதித்து வேகம் எடுத்து, பிறகு கிளச்சை விட வேண்டும். சில்லு எஞ்சினைச் சுழற்ற அது பற்றிக்கொள்ளும். "மிதிக்க ஏலாதெண்டுதானே எஞ்சின் பூட்டினனான். அதுக்கும் மிதிக்கச் சொன்னால்?" என்று கேட்டார்.

அப்படியென்றால் மின்மோட்டாரை மட்டும் வைத்திருக்கலாமே என்று நான் கேட்டேன். அவர் 2022 ஐ ஞாபகப்படுத்தினார். அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. ஜூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் 470 ரூபாய். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அதுவும் பதிவு செய்த வாகனத்துக்கு மட்டும். ஒரு மாதம் மின்சாரம் இல்லை, மறுமாதம் பெற்றோல் இல்லை.

எங்களில் பலருக்கு இது புதிய கதை அல்ல. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சூடேறாத எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்பா அதைச் செய்வதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதும் அந்தக் காலம்தான். தொடங்குவதற்கு ஒன்று, ஓடுவதற்கு இன்னொன்று என்ற அந்தப் பழைய யோசனையைத்தான் இவர் சைக்கிளில் கொண்டுவந்திருக்கிறார்.

கிளச்சைப் பிடித்தபடி, இடது பெருவிரலால் மின்மோட்டாரின் விசையை அழுத்துகிறார். முன்சில்லு சத்தமில்லாமல் இழுக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகம் வந்ததும் கிளச்சை மெதுவாக விடுகிறார். எஞ்சின் பற்றிக்கொள்கிறது. மின்விசையை விட்டுவிடுகிறார். கால் ஒருமுறைகூடச் சுற்றவில்லை.

முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் வேறு எந்த இணைப்பும் கிடையாது. ஒன்று இழுக்கிறது, மற்றது தள்ளுகிறது. இரண்டையும் இணைப்பது தரைதான். அதனால் ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். பல்சக்கரம் உள்ள மோட்டார் என்பதால், எஞ்சின் ஓடும்போது அது சும்மா சுழலும், பின்னுக்கு இழுக்காது. எஞ்சின் ஓடும்போதே பற்றரி சார்ஜ் ஆகுமா என்று பலர் கேட்கிறார்களாம். இந்த வகை மோட்டாரில் ஆகாது. பல்சக்கரம் இல்லாத நேரடி மோட்டாரும் அதற்கேற்ற கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருந்தால் ஆகும். ஆனால் அப்படி எடுக்கும் மின்சாரத்துக்கு எரியும் பெற்றோல் கட்டுப்படியாகாது.

அவருடைய பற்றரி 36 வோல்ற், 10 அம்பியர்மணி. இரண்டையும் பெருக்கினால் 360 வாற்மணி. மிதிக்காமல் மெதுவாக ஓடினால் கிலோமீற்றருக்கு 12 முதல் 15 வாற்மணி செலவாகும். அப்படியானால் 24 முதல் 30 கிலோமீற்றர். கிளிநொச்சிக்குப் போய்வர அதுவே போதும், காற்று எதிர்க்காவிட்டால். எதிர்த்தால் திரும்பி வரும்போது எஞ்சின். முதலில் மூன்று ஈயப் பற்றரிகளை வைத்துப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு கிலோ பாரம், அதிலும் பாதிக்குச் சற்று மேல்தான் பயன்படுத்தலாம். இப்போது இருப்பது மூன்று கிலோகூட வராத லித்தியம் பற்றரி. பழைய மடிக்கணினிகளில் இருந்து கழற்றிய செல்களை வீட்டில் ஒட்டி லித்தியம் பற்றரி செய்யும் பழக்கம் பரவியிருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பாதுகாப்புச் சுற்று இல்லாத அந்தக் கட்டு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் இலகுவில் அணையாது.

இன்னொரு ஆபத்து முன் போர்க். மோட்டார் திருகும் விசை முழுவதும் அச்சின் இரு நுனிகளில்தான் விழும். அலுமினிய போர்க் வெடித்து, ஓடும்போதே சில்லு கழன்றுவிடலாம். இரும்பு போர்க்கும், அச்சு திரும்பாமல் பிடிக்கும் இரும்புத் தட்டும் கட்டாயம். எல்லாம் பூட்டிய பிறகு இந்தச் சைக்கிள் 35 கிலோ. பழைய கம்பிப் பிரேக் அதை நிறுத்தாது. இப்படி ஒன்று செய்ய நினைப்பவர் முதல் காசைப் பிரேக்குக்குச் செலவழிக்கட்டும். இவர் கடைசியில்தான் செலவழித்தார். கைமூட்டில் தழும்பு இருக்கிறது.

வெளிப்படையாகச் சொன்னால், இரண்டு காலும் சுகமாக உள்ள ஒருவருக்கு இதைச் செய்யச் சொல்லமாட்டேன். மின்சைக்கிள் மட்டும் போதும். சத்தம், புகை, எண்ணெய், அடிக்கடி தளரும் ஆணிகள் எல்லாம் மிச்சம். மிதிக்கவே முடியாதவருக்கு, பற்றரி தீர்ந்தால் தள்ளிக்கொண்டு நடக்கவும் முடியாதவருக்குத்தான் கணக்கு மாறுகிறது.

சட்டம் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. எஞ்சின் பூட்டினால் அது மோட்டார் வாகனம். பதிவு, காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம், தலைக்கவசம் எல்லாம் வேண்டும். இல்லாமல் ஓடி விபத்து நடந்தால், பிழை மற்றவருடையதாக இருந்தாலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். இதை அவரிடமும் சொன்னேன். தனக்குத் தெரியும் என்றார். அதுதான் இப்போதைக்கு ஊர் ஒழுங்கையை விட்டு வெளியே கொண்டுபோவதில்லையாம்.

நான் புறப்படும்போது ஒரு படிவத்தை எடுத்துவந்து காட்டினார். தயாரிப்பாளர் என்று இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"இதில என்ரை பேரைப் போடலாமோ, தங்கச்சி?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று படத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.